விலை பேசாத புதன்கிழமை

சம்பங்கி கம்ப்யூட்டர் வியாபாரத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காமல் தானாகவே அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். மிஷினுக்கு ஞாபகசக்தி தருகிற ரேமைக் கடைசியில் வாங்க வேண்டும். கேபினெட், போர்டு, மானிட்டர், கீபோர்டு எல்லாம் முதலில் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார். விரல் நீளத்துக்கு இருக்கிற அந்தப் பச்சைப் பட்டையை மட்டும், மிஷினை ஆளிடம் ஒப்படைக்கிற வாரத்தில் பெங்களூருக்குப் போய்க் கையால் தொட்டுப் பார்த்து வாங்கி வருவார்.

"ரேமுன்றது தக்காளி மாதிரிபா. பொறுத்தா எறங்கும். அவசரப்பட்டவன்தான் ஏமாந்து போவான்" என்று ராபர்ட்சன்பேட்டையில் தன் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லுவார். சொன்னபடி இறங்கவும் செய்தது. அதனால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் அவர் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில், சாம்பியன் ரீஃப் ஷாஃப்ட் வாயில் நின்று, ஆளை ஏற்றி இறக்குகிற கேஜுக்கு மணி அடிக்கிற வேலையில் இருந்தார். இத்தனை மணி அடித்தால் ஆள் இறங்குகிறது, இத்தனை அடித்தால் ஏறுகிறது என்று கணக்கு. மைன்ஸ் மூடினதும் கிடைத்த பணத்தில் சிலர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் குடித்தார்கள். சம்பங்கி ஆறு மாசம் பெங்களூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்துவிட்டு வந்து கடை போட்டார். கடையில் அவருக்குப் பெரிய எதிரி போட்டிக்காரன் இல்லை, தங்கம் எடுத்த பிறகு மலையாகக் கொட்டி வைத்த சயனைடு மேட்டு மண்தான். ஏப்ரல் மாசக் காற்றில் அந்த வெள்ளை மண் பறந்து வந்து ஊரில் இருக்கிற எல்லா கேபினெட்டுக்குள்ளேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ப்ளோயரால் ஊதி ஊதியே பாதி நாள் போகும்.

அந்த ஏப்ரலில் அவருக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்தில் லூயிசா மேடம் ஒரு பழைய குவார்ட்டர்ஸை வாடகைக்குப் பிடித்து, எட்டு பெண்கள் உட்கார்ந்து பில் என்ட்ரி பண்ணுகிற மாதிரி ஒரு அறை போட்டிருந்தாள். வேலை தருகிறவர்கள் சென்னைக்காரர்கள். சனிக்கிழமை வந்து பார்ப்பார்கள். எத்தனை மிஷின் ஓடுகிறதோ அத்தனை பேருக்குத்தான் வேலை. மிச்சத்தை அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்பார்கள், அடுத்த பேட்ச் என்பது ஆறு மாசம் கழித்து.

அந்த எட்டுப் பேரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறவர்கள். அதில் ஒருத்தி இந்து, சம்பங்கியின் மகன் கிரணுடைய மனைவி. மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைனில் பெட்டிக்கடை வைத்திருந்த மங்கம்மாவின் மகள். வைட்ஃபீல்டில் ஒரு குடோனில் அவளுக்கு பேக்கிங் வேலை, எட்டு மணி நேரமும் நின்றபடி. இப்போது ஐந்து மாசம். கால் இரண்டும் சாயங்காலமானால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடுகிறது. நிற்கிற வேலை கூடாது, ரயிலும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வேலையையே விட்டுவிட வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. கிரணுக்கு டெலிவரி வேலை, இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. லூயிசா மேடத்தின் அறையில் ஜன்னல் ஓரத்து நாற்காலி இந்துவுக்கு என்று பேச்சாகியிருந்தது. மாமியார் பாக்யலட்சுமி அந்த நாற்காலிக்குப் போட ஒரு மெத்தைகூடத் தைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை சம்பங்கி ரேம் வாங்கப் பெங்களூருக்குப் புறப்பட்டார். அதே ரயிலில்தான் இந்துவும் போனாள். வைட்ஃபீல்டில் இறங்கும்போது, "மாமா, வெயில்ல அலையாம சீக்கிரம் வாங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாளுதாம்மா உனக்கு இந்த வண்டி" என்றார் சம்பங்கி. அப்படிப் பெரிய வாயாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டில் அன்றைக்கு என்னமோ ஒரு மாதிரியாக இருந்தது. கடைகள் திறந்திருந்தன, ஆனால் யாரும் வியாபாரம் பண்ணவில்லை. ஆளாளுக்குக் காதில் போனை வைத்துக்கொண்டு கன்னடத்திலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் ரேம் என்று வாயைத் திறந்ததுமே, "இவத்து ரேட் இல்லா", இன்றைக்கு விலையே கிடையாது என்று கையை விரித்துவிட்டான்.

சம்பங்கி வழக்கமாக வாங்குகிற கடை ராஜ்குமாருடையது. ராஜ்குமார் பெமல் நகர் பையன். அவன் அப்பா அங்கே ஃபேக்டரியில் இஞ்சினியர். ஒரே ஊர் என்கிற பிரியத்தில் அவன் சம்பங்கிக்கு எப்போதும் ஒரு ஸ்டூலும் டீயும் கொடுத்துத்தான் வியாபாரம் பேசுவான்.

"வாங்கண்ணா. உங்களைத்தான் நினைச்சிட்டிருந்தேன். எட்டு மிஷினுக்கும் தனியா எடுத்து வச்சிட்டேன். ஆனா ரேட் மட்டும் இப்ப கேக்காதீங்க."

"இன்னாபா ஆச்சு? தெருவே எழவு வூடு மாதிரி கீது."

"தைவான்ல பூகம்பம்ணா. காலைல. இந்த சிப்பு பாதி அங்கதான தயாராகுது. ஃபேக்டரியெல்லாம் மிஷினை நிறுத்திட்டு செக் பண்றானாம். கம்பெனிக்காரன் ரேட் சொல்றத நிறுத்திட்டான். கம்பெனிக்காரன் நிறுத்தினா இங்க டீலரும் நிறுத்திடுவான்."

சம்பங்கி கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். எட்டு மிஷினுக்கான ரேமும் டப்பாவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இது எப்ப வந்த சரக்கு?"

"போன மாசம்."

"போன மாசம் வந்தது, ஒன் கடயில ஒக்காந்துகினு கீது. இதுக்கு இன்னா ஆச்சு? இது ஆடலயே?"

ராஜ்குமார் சிரித்தான். "அது ஆடலண்ணா. ரேட்தான் ஆடும். பத்து மணிக்கு என் பார்ட்னர் வருவார். வந்தார்னா எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டுன்னுவார். அதனாலதான் சொல்றேன், இப்பவே பைல போடுங்க."

சம்பங்கி பையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"பூமி ஆடுச்சுன்றியே. உள்ள எத்தினி பேரு?"

"எதுக்குள்ள?"

"உள்ளப்பா. அடியில. ஆளு யாருனா மாட்டிக்கினாங்களா?"

"அண்ணா, அது ஃபேக்டரி. மைன்ஸ் இல்ல." சொல்லிக்கொண்டே ராஜ்குமார் போனை நகர்த்திப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் மாறியது. "இருக்காங்க போலிருக்கு. மலைப் பக்கம் கல் குவாரில வேலைக்குப் போனவங்க மாட்டிட்டிருக்காங்களாம். ரோட்டுச் சுரங்கத்துல கொஞ்சம் பேராம். பாறை விழுந்து வழி அடைச்சிருக்காம்."

சம்பங்கி பையை மூடிவிட்டார்.

கே.ஜி.எஃப்.காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடியில் பாறை வெடித்துச் சரிவதை மைன்ஸில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டு அலமாரியில் இருக்கிற பாத்திரம் கீழே விழும். உடனே லைன் முழுக்க ஷாஃப்ட் வாயைப் பார்த்து ஓடும். கடைசி ஆள் உயிரோடோ பிணமாகவோ மேலே வருகிறவரை ஷாஃப்ட் வாயில் ஒருத்தரும் விலை பேச மாட்டார்கள். ஒரு முறை ஒருத்தன் அங்கே நின்றுகொண்டு ஆட்டுக்கு விலை பேசினான் என்று, நாலு பேர் சேர்ந்து அவனைத் தள்ளிக்கொண்டுபோய் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். மணிக் கயிற்றைப் பிடித்தபடி சம்பங்கி அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, இதில் அவர் பெரிய பிடிவாதக்காரர்.

"வேணாம் ராஜ்குமாரு. ஆளு உள்ள கீறப்ப நா வெல பேச மாட்டேன்."

"விலை பேச வேண்டாம்ணா. எடுத்துட்டுப் போங்க. ரேட் அப்புறம் பாத்துக்கலாம். பழைய ரேட்டையே போட்டுக்கறேன், போதுமா?"

"அவங்க மேல வரட்டும்பா."

"தைவான்ல இருக்கறவன் மேல வர்றதுக்கும் கோரமண்டல்ல லூயிசா மேடம் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தத்த நானா கொண்டு வந்தேன்? அங்க ஆடுனா இங்க ரேட் ஏறுதுன்னு நீதான சொன்ன."

ராஜ்குமார் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினான். டீயைக் குடித்துவிட்டாவது போங்கள் என்றான். சம்பங்கி குடிக்கவில்லை. வெறும் பையோடு சிட்டி ஸ்டேஷனுக்கு நடந்தார். மனசுக்குள் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் அந்தப் பெருமை சாப்பிட உட்காருகிறவரை தாங்கியது. களியும் கீரைக் கடைசலும், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் இருந்தன. கிரண் களியைப் பிட்டவன் பிட்டபடியே நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நைனா, தைவான் எந்தப் பக்கம் கீதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எந்தப் பக்கம் இருந்தா இன்னாடா. ஆளு மாட்டிக்கினா மாட்டிக்கினதுதான்."

"பாவம்தான். நா இல்லன்னு சொல்லல. நீ ரேம் வாங்காம வந்ததால அவன் மேல வந்துடுவானா? சொல்லு. ஒருத்தன், ஒரே ஒருத்தன்?"

"வர மாட்டான்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னாடா அப்பறம். சில வேல செய்யக் கூடாது, செய்யல."

பாக்யலட்சுமி கரண்டியைத் தட்டில் போட்டாள். "இன்னாங்க, அந்தக் கடக்காரரு பழைய வெலைக்கே தரேன்னாரு இல்ல? ஊருல இல்லாத உத்தமரு இவரு. வெளிய எல்லாரும் இவர மெச்சிக்கினு போவாங்க. இங்க ஒருத்தி கால வீங்க வெச்சிக்கினு ஒக்காந்துகினு கீறா."

இந்து சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் தலைகாணி மேல் வைத்திருந்தாள். அவளாவது திட்டியிருந்தால் சம்பங்கிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை அவர் கடையில் ஒரு வேலையும் செய்யவில்லை. போனில் தைவானையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டர் ஒன்று மலை இடுக்கில் சுற்றியது. குவாரி ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி வந்தார்கள். "ஏறிட்டான், ஏறிட்டான்" என்று தனியாகக் கத்தினார். பென்டிரைவ் வாங்க வந்த ஃப்ரெடி வாத்தியார் கிரிக்கெட் என்று நினைத்து ஸ்கோர் கேட்டார். இன்னொரு பக்கம் கிரண் ராஜ்குமாருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான். பார்ட்னர் சரக்கைப் பூட்டிவிட்டார், ஆளுக்குக் கொஞ்சம்தான் தருவாராம், ஏறின ரேட்டில்.

வெள்ளிக்கிழமையும் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள் என்று செய்தி வரவில்லை. பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள், சிலரைத் தேடுகிறார்கள் என்றுதான் போட்டான். சனிக்கிழமை நெருங்கிவிட்டது. சம்பங்கி பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். அவருடைய பிடிவாதம் இரண்டு நாள்தான் தாங்கியது.

ராஜ்குமார் கடையில் ஸ்டூலில் பார்ட்னர் உட்கார்ந்திருந்தார். டீ வரவில்லை. எட்டு மிஷினுக்கு ஐந்து மிஷினுக்கான ரேம்தான் கிடைத்தது, அதுவும் அவர் சொன்ன விலைக்கு. மூன்று மிஷினுக்காகத் தெரு முழுக்க ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் ஸ்டாக் இல்லை என்றார்கள். அலமாரியில் டப்பா தெரிகிறது, கேட்டால் இல்லை என்கிறான். அது வித்தாச்சு என்கிறான். யாருக்கு வித்தாச்சு? நாளைக்கு இன்னும் கூடக் கொடுத்து வாங்கப்போகிறவனுக்கு. அடப்பாவிகளா, அங்கே செத்தவனுக்கு இவர்கள் ஒரு வத்தி கொளுத்தியிருப்பார்களா!

ஊருக்கு வந்து தன் கடை மிஷினைப் பிரித்து அதிலிருந்த ரேமை உருவினார். வீட்டில் கிரண் கேம் ஆடுகிற மிஷினைப் பிரித்தார். கிரண் தடுக்கவில்லை, தானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தான். அந்த இரக்கம் அவருக்கு இன்னும் வலித்தது. ஏழு மிஷின் ஆயிற்று. எட்டாவது ஜன்னல் ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஸ்விட்சைப் போட்டால் மூன்று முறை கூவிவிட்டு நின்றது.

சனிக்கிழமை சென்னைக்காரர் வந்தார். நல்ல மனுஷர்தான், மோர் குடித்தார், அறை நன்றாக இருக்கிறது என்றார். ஏழு மிஷினையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஏழு பேருடைய பெயர் கேட்டார். எட்டுப் பெண்களும் புதுப் புடவையில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். லூயிசா மேடம் பென்சிலைக் கடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்திக்கு வீட்டுக்காரன் இல்லை, ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்குக் கைக்குழந்தை.

"நாளைக்கு ரேட் எறங்கிடும் சார், ஒரு வாரம் பொறுங்களேன்" என்றாள்.

"எனக்கு இன்னிக்கு ஓடறதுதாம்மா கணக்கு."

"எங்க வூட்டுப் பொண்ணு நிக்கட்டும் மேடம்" என்றார் சம்பங்கி. "தப்பு என்னுது."

அறையில் எல்லாரும் அவரைப் பெரிய மனுஷராகப் பார்த்தார்கள். இந்துவை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. தப்பு அவருடையது, நாற்காலி அவளுடையது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. இந்து சுவரோரத்திலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாமியார் தைத்த மெத்தை நாற்காலியிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மங்கம்மா மகளைப் பார்க்க வந்தாள். வருகிற வழியில் பேத்தமங்களா ஏரி மீன் விற்றுக்கொண்டிருந்தார்களாம், ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தாள். அம்மாவும் மகளும் பின்பக்கம் உட்கார்ந்து சாம்பல் தொட்டு மீன் ஆய்ந்தார்கள். மெதுவாக ஏதோ பேசிக்கொண்டார்கள். திடீரென்று மங்கம்மா பெரிதாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சம்பங்கி முன்னறையில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அவர் பாதியில் கையைக் கழுவிவிட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை கிரணுக்கு டெலிவரி வந்துவிட்டதால் இந்துவை ஸ்டேஷனுக்கு சம்பங்கிதான் கூட்டிப்போனார். அவளுடைய சாப்பாட்டுப் பையை அவரே தூக்கிக்கொண்டார். கோரமண்டல் பிளாட்ஃபாரத்தில் பூக்காரியிலிருந்து பேங்க் கிளார்க் வரை ஊரே நின்றது. அந்த ஏழு பேர் மட்டும் இல்லை.

"மாமா, தைவான்ல அவங்கல்லாம் மேல வந்துட்டாங்களா?" என்றாள் இந்து. புதன்கிழமைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசின முதல் பேச்சு.

"நெறைய பேரு வந்துட்டாங்கமா. கொஞ்ச பேரு வரல. இனிமே வர்றது கஷ்டம்தான்றாங்க."

"ம்."

மாரிகுப்பம் பக்கமிருந்து ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"நேத்து எங்கம்மாகிட்ட ஒண்ணு கேட்டேன் மாமா. ஷாஃப்ட்ல ஆளு மாட்டிக்கினா லைன்ல கடய மூடிடுவீங்களான்னு."

"மூடாம? உள்ள ஆளு கீறப்ப யாரு யாவாரம் பண்ணுவாங்க?"

"அம்மா சிரிச்சிட்டாங்க. கடய மூடினா லைனே பட்டினி கெடக்கும்டி, அன்னிக்குத்தான் மூடவே மாட்டோம்னாங்க. அரிசி, எண்ண, மெழுகுவத்தி, கொயந்தைங்களுக்கு பால் பவுடரு, யாரு வந்து நின்னாலும் அளந்து குடுப்பாங்களாம். வெல மட்டும் சொல்ல மாட்டாங்களாம். வாங்குறவங்களும் கேக்க மாட்டாங்களாம். எல்லாரும் மேல வந்தப்பறம் அவங்கவங்க வந்து குடுத்துட்டுப் போவாங்களாம்."

அந்த நேரங்களில் சம்பங்கி லைனில் இருந்ததே இல்லை. ஷாஃப்ட் வாயில் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும்போது சட்டியில் சோறு இருக்கும். அது எந்தக் கடை அரிசி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அந்த எஸ்.பி. ரோட்டுக் கடக்காரரு அன்னிக்கு உங்ககிட்ட இன்னா சொன்னாரு மாமா?"

வண்டி வளைவில் திரும்பி, வெளிச்சம் தண்டவாளத்தில் விழுந்தது. கூட்டம் முன்னால் நகர்ந்தது.

"எடுத்துக்கினு போங்க, ரேட் அப்பறம் பாத்துக்கலாம்னாரு" என்றார் சம்பங்கி.

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லுவாங்களாம்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவர் கையிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றை அணைத்தபடி படியில் ஏறினாள். உள்ளேயிருந்து யாரோ ஒரு கை நீட்டி இழுத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. சம்பங்கி கூடவே கொஞ்ச தூரம் நடந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். மூன்றாவது ஜன்னலில் அவளுடைய பச்சை முந்தானை தெரிந்தது. இந்து நின்றுகொண்டிருந்தாள்.